கடலை வெண்ணெய் திரளவில்லை, சாஸில் தண்ணீர் பிரிகிறது: ஃபுட் பிராசஸர் சிக்கல்களுக்கு வழி

எங்கள் கொங்கு நாட்டில் சிவகிரிப் பக்கம் எள், காங்கேயத்தில் கொப்பரை, கிணத்துக்கடவில் தக்காளி, கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை. நிலக்கடலைக்குப் பஞ்சமே இல்லை. இத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருக்க, கடையில் பாட்டில் பாட்டிலாகக் கடலை வெண்ணெயும் தக்காளி சாஸும் வாங்குவது எனக்குப் பொறுக்காது. வீட்டிலேயே செய்யச் சொல்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதால், செய்து பார்த்துச் சரிவராதவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். பெரும்பாலும் "மெஷின் சரியில்லீங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். விசாரித்தால் பத்துக்கு எட்டு இடத்தில் மெஷின் நன்றாகவே இருக்கும். சரக்கில் ஈரம் இருந்திருக்கும், இல்லையென்றால் சூடு கூடவோ குறையவோ போயிருக்கும்.

அதனால் எந்தச் சிக்கலுக்கும் முதல் வேலை ஒன்றுதான். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவிடாதீர்கள். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

நிலக்கடலை பொடியாகவே நிற்கிறது, வெண்ணெய் ஆகமாட்டேன் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். நிலக்கடலையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். அது வெளியே வர நேரமும் வெதுவெதுப்பும் வேண்டும். ஃபுட் பிராசஸரில் முதல் நிமிடத்தில் பொடியாகும். அடுத்து ஈர மணல் பதத்துக்கு வந்து ஜாரின் ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். நிறுத்தி, மரக்கரண்டியாலோ ரப்பர் கரண்டியாலோ ஓரத்தை வழித்து நடுவில் தள்ளி மறுபடி ஓட்டுங்கள். சித்த நேரத்தில் மொத்தமும் ஒரே உருண்டையாகத் திரண்டு, ஜாருக்குள் 'தொம் தொம்' என்று மோதிக்கொண்டு சுற்றும். மெஷின் லேசாக ஆடக்கூடச் செய்யும், மேல் மூடியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். திடீரென்று அந்தச் சத்தம் அடங்கி, உருண்டை உடைந்து, பளபளவென்று இளகித் தட்டையாகப் படியும். அதன்பின் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் வழுவழுப்பு வந்துவிடும். நடுவில் நிறுத்தி வழிப்பதையும் சேர்த்து மொத்தம் 10 முதல் 15 நிமிடம் ஆகும்.

இவ்வளவு நேரம் ஓட்டியும் மணலாகவே இருந்தால் மூன்று காரணம் உண்டு.

முதலாவது, அளவு குறைவு. இரண்டு லிட்டர் ஜாரில் ஒரு கைப்பிடிக் கடலையைப் போட்டால் பிளேடுக்கு மேலே எல்லாம் சிதறி ஓரத்தில்தான் உட்காரும். குறைந்தது 400 கிராம் போடுங்கள். அவ்வளவு தேவையில்லை என்றால் மிக்சியின் சின்ன ஜார்தான் சரி.

இரண்டாவது, ஈரம். ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசி, கார்த்திகையில், மழைக்கு நடுவே வீட்டுக்கு வரும். கையில் எடுத்து இரண்டாக உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று உடையாமல் வளைந்து கொடுத்தால் அது இன்னும் காயவில்லை. சுள்ளென்று வெயிலடிக்கும் இரண்டு நாள் காயவைத்து அப்புறம் வறுங்கள்.

மூன்றாவது, வறுவல். பச்சைக் கடலையும் வெண்ணெயாகும்தான், ஆனால் நேரம் இரட்டிப்பு, மெஷினுக்கும் சிரமம். அடி கனமான வாணலியில் சிறு தீயில் 15, 20 நிமிடம் கிளறி வறுங்கள். தோல் தானாகக் கழன்று, உள்ளே பருப்பு வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். முறத்தில் தேய்த்துப் புடைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே அரைத்துவிடுங்கள். முழுக்க ஆறிய கடலை எண்ணெய் விடத் தாமதமாகும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் ஆவி மூடியில் வேர்த்துத் தண்ணீராய்ச் சொட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இறுக்கமாகத் தெரிந்தால், கடைசியில், உருண்டை உடைந்த பிறகு, ஒரு தேக்கரண்டி செக்குக் கடலை எண்ணெய் விடலாம். பொடியாக இருக்கும்போதே விட்டால் பொடி நனைந்து ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும்.

இளகித்தான் இருந்தது, இனிப்புப் போட்டதும் கல்லாக இறுகிவிட்டது

வெல்லத்தில் ஈரம் உண்டு. எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய பருப்புத் துகள்கள், துளி தண்ணீர் கிடைத்தாலும் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரை தேக்கரண்டித் தண்ணீர் போதும், கால் கிலோ வெண்ணெய் கெட்டியாக. தேனும் அப்படியே செய்யும். சாக்லேட்டிலும் இதே கதைதான். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவை வாங்கி வீட்டில் சாக்லேட் செய்பவர்கள், கரண்டி துடைக்காமல் விட்டு மொத்தத்தையும் இறுக வைத்துவிட்டு என்னைக் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

இனிப்பு வேண்டுமானால் நாட்டுச்சர்க்கரையை ஒரு தாம்பாளத்தில் பரப்பி அரை நாள் வெயிலில் வைத்து, தனியாகப் பொடித்துச் சலித்து, கடைசியில் சேருங்கள். உப்பும் காய்ந்த தூளாக இருக்கட்டும். ஜார், பிளேடு, மூடி, கரண்டி, ஊற்றி வைக்கும் பாட்டில் எல்லாம் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். பிளேடின் நடுக்குழாய்க்குள் தேங்கும் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. கழுவியபின் அதைக் கவிழ்த்து வைத்துத் தட்டுங்கள்.

இறுகிப்போனதை என்ன செய்வது? கொஞ்சமாக இறுகியிருந்தால், வெதுவெதுப்பான கடலை எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக விட்டு ஓட்டினால் ஓரளவு இளகும். ரொம்ப இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து உருண்டை பிடித்துவிடுங்கள், அருமையாக இருக்கும். இல்லையென்றால் துணிந்து சுடுதண்ணீரை விட்டுக்கொண்டே அரையுங்கள். ஒரு கட்டத்தில் குழைந்து சாஸாகிவிடும். அதில் வரமிளகாயும் பூண்டும் புளியும் சேர்த்தால் சந்தகைக்கோ (எங்கள் பக்கத்து இடியாப்பம்) தோசைக்கோ தொட்டுக்கொள்ளலாம். தண்ணீர் சேர்ந்த பிறகு அது வெளியில் நிற்காது. குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் தீர்க்க வேண்டும்.

பாட்டிலில் மேலே எண்ணெய் மிதக்கிறது

சிக்கலே இல்லை. கடைச் சரக்கில் பிரியாமல் இருக்க, அறைச் சூட்டில் உறைந்து நிற்கும் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நம்முடையதில் அது கிடையாது. பாட்டிலை ஒரு நாள் தலைகீழாக வைத்துவிட்டுக் கிளறுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள்.

கசக்கிறது, சிக்கு வாடை அடிக்கிறது

கசப்பு மட்டும் என்றால் வறுவல் கருகியிருக்கும், இல்லை தோல் நிறைய உள்ளே போயிருக்கும். அடுத்த முறை தீயைக் குறைத்தால் சரியாகிவிடும்.

சிக்கு வாடை, பூஞ்சை வாடை என்றால் நிலைமை வேறு. கடலையில் சுருங்கிய பருப்பு, கருத்த பருப்பு, பச்சை அல்லது மஞ்சள் பூசணம் படிந்த பருப்பு இருந்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. ஈரலைப் பாதிக்கும் நஞ்சு அது. வறுத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். வீட்டு வறுவல் சூட்டுக்கு அது முழுதாக அழியாது. வறுக்கும் முன் முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் கூடாது. பொறுக்கியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடவும் கூடாது. பாலிலும் அந்த நஞ்சின் மிச்சம் இறங்கும்.

எள் அரைபடாமல் ஜாருக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது

ஃபுட் பிராசஸர் பிளேடுக்கும் ஜாரின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எள் நழுவிவிடும். மிக்சியின் சட்னி ஜாரில் விட்டு விட்டு ஓட்டி முதலில் பொடித்துக்கொண்டு, அப்புறம் பெரிய ஜாருக்கு மாற்றுங்கள். மிக்சி பல மடங்கு வேகமாகச் சுற்றும், சூடும் சீக்கிரம் ஏறும். அதனால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எள் வெண்ணெய்க்குத் தோல் நீக்கிய வெள்ளை எள்தான் ஏற்றது. கருப்பு எள்ளின் தோல் கசக்கும். அதை எள்ளுருண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ சேரும்போது அந்தக் கசப்பே ருசி.

உருண்டை உதிர்ந்தால் எள் போதுமான அளவு எண்ணெய் விடவில்லை என்று அர்த்தம். ஒரு சுற்று கூடுதலாக ஓட்டி, சூடு ஆறுமுன் பிடியுங்கள். உரலில் இடித்தபோது உலக்கைக் குத்தில் வந்த எண்ணெயை, மெஷினில் அந்தக் கூடுதல் சுற்றில்தான் வாங்க வேண்டும்.

தேங்காய் வெண்ணெய் ஆகவில்லை. தேங்காய்ச் சட்னியோ வெண்ணெயாகத் திரள்கிறது

இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முனை. பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பக்கமாகத் தண்ணீர். எவ்வளவு அரைத்தாலும் துவையல்தான் வரும். வெண்ணெய்க்கு நன்றாகக் காய்ந்த கொப்பரை வேண்டும், அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய். துருவி, வாணலியில் லேசாகச் சூடேற்றி அரைத்தால் எளிதில் இளகும். கொப்பரையை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வெள்ளையாக இருக்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் கந்தகப் புகை காட்டுவது உண்டு. மூக்கில் சுருக்கென்று ஏறினால் எண்ணெய் ஆட்டவே வேண்டாம் எனும்போது, அப்படியே தின்கிற பண்டத்துக்கு எப்படிப் போடுவது? குளிர்ந்தால் தேங்காய் வெண்ணெய் கல்லாகும், அது அதன் இயல்பு. பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

சட்னியில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஜாரில் ஒட்டினால், அதிக நேரம் ஓட்டிச் சூடேறியிருக்கிறது, தண்ணீரும் குறைவு. குளிர்ந்த தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள்.

தக்காளி சாஸில் தண்ணீர் தனியாக நிற்கிறது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

நிறையப் பேர் தக்காளியை வேகவைக்காமலே முதலில் அரைத்துவிட்டு அப்புறம் கொதிக்க வைக்கிறார்கள். தக்காளிக்குக் கெட்டித்தன்மை தருவது பெக்டின். பழத்தை வெட்டிய, நசுக்கிய கணத்திலிருந்து பழத்துக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தப் பெக்டினைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். அரைத்து அரை மணி நேரம் வைத்தால் போதும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் தட்டில் ஊற்றும்போது சிவப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். 85 டிகிரி செல்சியசுக்கு மேல் சீக்கிரமாகச் சூடேறினால் அந்த நொதிகள் செயலிழந்துவிடும். சாஸ் ஆலைகளிலும் கெட்டியான விழுது வேண்டுமென்றால் நசுக்கிய உடனே சூடேற்றிவிடுகிறார்கள்.

அதனால் முதலில் வேகவையுங்கள். அகலமான பாத்திரத்தை நன்றாகக் காயவிட்டு, ஒரு கிலோ தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்ட வெட்டக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மூடி, முதல் ஐந்து நிமிடம் பெருந்தீயில் வையுங்கள். தண்ணீர் விடவே வேண்டாம். குழைந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஜாருக்குள் போக வேண்டும். கொதிக்கும் தக்காளியை மூடிய ஜாரில் ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்திலும் கையிலும் கொப்பளிக்க வைத்துவிடும். ஃபுட் பிராசஸரில் திரவத்துக்கென்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி ஊற்றினால் நடுக்குழாய் வழியாக மோட்டார் மேல் வழியும்.

அரைத்ததை வடிகட்டி, தோலையும் விதையையும் நீக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றி மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவிடுங்கள். பதம் பார்க்க, ஒரு கரண்டி சாஸைச் சில்லென்ற தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். குவியலைச் சுற்றி நீர் வளையம் கட்டினால் இன்னும் சுண்ட வேண்டும். கட்டாவிட்டால் இறக்கலாம். உப்பும் சர்க்கரையும் பாதியை முதலிலும் மீதியைக் கடைசியிலும் போடுங்கள், வினிகரை இறக்கும் தறுவாயில் விடுங்கள். முதலிலேயே மொத்த உப்பையும் போட்டால் சுண்டச் சுண்டக் கரித்துவிடும்.

ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? மேலே நிற்கும் தண்ணீரை வடித்துத் தனிப் பாத்திரத்தில் பாதியாகக் காய்ச்சி, திரும்பக் கலந்து ஒரு கொதி விடுங்கள். முழுசாகச் சேராது, ஆனால் ருசி வீணாகாது. சோளமாவு கரைத்துவிடலாம்தான், எனக்கு அந்தக் கொழகொழப்பு பிடிப்பதில்லை.

நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டால், அதிவேகத்தில் நெடுநேரம் ஓட்டியதில் காற்று ஏறியிருக்கிறது. சிறு தீயில் கொதிக்கவிட்டால் நுரை அடங்கி நிறம் திரும்பும். விதை நொறுங்கினால் கசப்பு தட்டும். அதனால் ஃபுட் பிராசஸரில் தக்காளிக்கு அரை நிமிடத்துக்கு மேல் தேவையே இல்லை.

மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியாக ஓடுகிறது

முதலில் ஒன்று. நாமக்கல் முட்டை பக்கத்திலேயே கிடைக்கிறது என்பதற்காகப் பச்சை முட்டையில் செய்ய வேண்டாம். சால்மொனெல்லா போன்ற கிருமிகளால் வரும் ஆபத்தைச் சொல்லித்தான், பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது. வீட்டுக் குழந்தைகளுக்கும் அதே கிருமிதான். காய்ச்சி ஆறிய பாலில் செய்யலாம்: பால் ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, கடுகுத்தூள், உப்பு, பூண்டு.

பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்கட்டும். பிளேடு பாலில் மூழ்க வேண்டும், மூழ்காத அளவு என்றால் சின்ன ஜாருக்கு மாற்றுங்கள். எண்ணெயை நூல் போல விட வேண்டும். உங்கள் மெஷினின் காய் தள்ளும் கட்டையைத் திருப்பி அடியைப் பாருங்கள், பலவற்றில் பொடித் துளை ஒன்று இருக்கும். அதற்குள் எண்ணெயை ஊற்றிவிட்டால் அதுவே சொட்டுச் சொட்டாக இறக்கும். எலுமிச்சைச் சாறு கெட்டியான பிறகு. செக்கு நல்லெண்ணெய் இதற்கு ஒத்துவராது, வாசனை மற்றதை அமுக்கிவிடும். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

திரிந்துவிட்டால் கொட்டாதீர்கள். ஜாரைக் கழுவி, இரண்டு கரண்டி புதுப் பால் விட்டு, ஓடவிட்டு, திரிந்ததை அதே போல் நூலாக ஊற்றுங்கள். கூடிவிடும்.

பேரீச்சை பிளேடில் சுற்றிக்கொண்டு மெஷின் உறுமுகிறது

பழம் காய்ந்திருக்கிறது. பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து நன்றாகத் துடைத்து, முதலில் பருப்புகளைப் பொடித்து எடுத்துவிட்டு, பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொட்டை ஒன்று தப்பி உள்ளே போனாலும் பிளேடு போச்சு.

மெஷின் நின்றுவிட்டது, வாடை வருகிறது, அடியில் கசிகிறது

சட்டென்று நின்றால் பதறாதீர்கள். சூடேறியதும் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு ஸ்விட்ச் உள்ளே இருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டு, அடியில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டு ஓட்டுங்கள். மூடி சரியாகப் பூட்டாவிட்டாலும் ஓடாது. பூட்டும் இடத்தில் கடலைத் தூள் அடைத்திருக்கும், பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்யுங்கள். தோட்டத்து வீடுகளில் மாலை நேரம் வோல்டேஜ் இறங்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றுவது தெரிந்தால் அப்போது கடலை வெண்ணெயை ஆரம்பிக்காதீர்கள், மோட்டார் திணறிச் சூடேறும். எப்போதுமே இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

பொறி பறந்து கருகல் வாடை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றாவிட்டால், மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கலாம். ஜாரின் அடியில் கருப்பாகக் கசிந்தால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் வாஷரும் போயிருக்கும், அது மாறும் வரை அந்த ஜாரில் எதையும் அரைத்துச் சாப்பிடாதீர்கள். மூன்றுமே சில்லறைச் செலவு. எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு மிக்சி ரிப்பேர் கடையாவது இருக்கும், ஜாரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எல்லாம் சரி, நாக்கில் மட்டும் நற நற என்கிறது

பிளேடு வெட்டத்தான் செய்யும், ஒரு அளவுக்கு மேல் நைசாக்காது. கல் தேய்த்தால்தான் அந்த வழுவழுப்பு வரும். அதற்கு நம்மிடம் கோவை வெட் கிரைண்டர் இருக்கிறது. உலகம் முழுவதும் சின்ன அளவில் சாக்லேட் செய்பவர்கள் பலர், கோகோவை நைசாக்க நம் கோயம்புத்தூர்க் கிரைண்டரைத்தான் மாற்றியமைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஃபுட் பிராசஸரில் நன்றாக இளகிய பிறகு, வெதுவெதுப்பாக, ஓடும் கிரைண்டரில் கரண்டி கரண்டியாக விடுங்கள். முழுக் கடலையைப் போட்டால் கல் சிக்கி நின்றுவிடும். முந்தின நாளே கழுவி, வெயிலில் வைத்து, கல்லின் நடுத்துளை வரை காய்ந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஓரத்தை வழியுங்கள். ஒரு மணி நேரத்தில் கரண்டியிலிருந்து நாடா போல வழியும். முடிந்ததும் உடனே தண்ணீர் விட்டால் எண்ணெய் கல்லோடு பிசுபிசுத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி பச்சரிசியை மிக்சியில் ரவையாக உடைத்துக் கிரைண்டரில் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், எண்ணெயை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அதை வழித்தெடுத்துவிட்டு வெந்நீரில் கழுவினால் அடுத்து ஆட்டும் இட்லி மாவில் கடலை வாசம் வராது.